ஒற்றை சீட்டு வண்டியும் சமையல்காரனாகப் போன அண்ணனும்

மூன்றாம் வருசம் மெட்ராஸ் ரேஸுக்குப் போனபோது படிவத்தில் என் அண்ணனைச் சமையல்காரன் என்று எழுதினார்கள். அண்ணனுக்கு உலை வைக்கக்கூடத் தெரியாது. டீ ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் வேலை பார்த்தான். அந்த ரேஸ் வண்டியில் இருந்த ஒவ்வொரு போல்ட்டும் அவன் கையால் முடுக்கியது. அதைச் சொன்னால் வண்டியை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் சமையல்காரன் ஆனான். நிஜமாகச் சமைக்க என்னைக் கூட்டிப்போனார்கள்.

அண்ணன் போய் ஏழு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை. படுத்துப் பத்து நாளில் முடிந்துவிட்டது. முப்பது வயது நிரம்பவில்லை. நான் சிலோனில் மூன்றாவது வரைக்கும், இங்கே வந்து இரண்டு வருசமும் படித்தேன். எழுத வரும், வேகமாக வராது. இதை எழுத மழைக்காலம் முழுக்க ஆனது.

நாங்கள் கப்பலில் வந்தவர்கள். அப்பா அங்கேயே இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான் மூன்று பேர் ஒரே பாஸ்போர்ட்டில் வந்தோம். மண்டபம் முகாமில் ஒன்றரை மாதம் இருந்த பிறகு குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் வேலை கிடைத்து, லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா, ஒற்றை அறை, கொடுத்தார்கள். அம்மா கொழுந்து எடுத்தாள், படிப்பு நின்றதும் நானும் எடுத்தேன். அண்ணன் சிலோனில் ஃபேக்டரி மெஷினுக்கு எண்ணெய் போட்டுப் பழகினவன். அந்த வேலைச் சீட்டு கையில் இருந்ததால் இங்கேயும் ஃபேக்டரியிலேயே எடுத்தார்கள். பழைய பிட்டர் கண் தெரியாமல் நின்றதும் இவன் பிட்டர் ஆனான். ஊர்க்காரர்கள் எங்களைச் சிலோன்காரங்க என்றுதான் சொல்வார்கள். அண்ணனை மட்டும் பிட்டர் என்றார்கள். அதில் அம்மாவுக்கு ஒரு பெருமை.

எஸ்டேட் மேனேஜர் பெரியதுரை, அவருக்குக் கீழே சின்னதுரை. சின்னதுரை கோயமுத்தூர்ப் பக்கம் மில் வைத்திருந்த வீட்டுப் பையன். அண்ணன் வயதுதான் இருக்கும். எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கார் என்றால் பைத்தியம். அவர் சொல்லித்தான் இந்த ரேஸ் விசயமெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் ரேஸ் ஓட்டினவர்கள் ராஜா வீட்டுக்காரர்களும் கம்பெனி முதலாளிகளும்தானாம். வெளிநாட்டு வண்டியை அப்படியே இறக்கி ஓட்டுவார்களாம். பிறகு அந்த வண்டிகள் வருவதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. இருந்த பழைய வண்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்போதுதான் சாதாரண ஆட்களும் ஓட்டட்டும் என்று அகில இந்தியப் போட்டியில் ஒரு பிரிவு வைத்தார்கள். ஒரே ஒரு சீட்டு. சக்கரம் நாலும் வெளியே தெரிய வேண்டும். இஞ்சின் நம் ஊர் டாக்ஸியில் இருக்கிற அதே இஞ்சின். மற்றதை அவரவர் கையால் செய்துகொள்ள வேண்டும். ரேஸ் தொழிலாக இல்லாதவர்கள்தான் ஓட்டலாம். அதற்கு நீளமாக இங்கிலீஷ் பேர் ஒன்று உண்டு. நாங்கள் ஒற்றை சீட்டு என்போம்.

சின்னதுரை படத்தைக் காட்டி, செய்ய முடியுமா என்று கேட்டபோது அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தானாம். பிறகு, “இது இலை உருட்டுற ரோலரை விட லேசுங்க தொர” என்றானாம்.

ஃபேக்டரி பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தார்கள். கழற்றிப் போட்ட பழைய ஆவிக் குழாயை வெட்டி வளைத்து எலும்புக்கூடு. மேலே அலுமினியத் தகடு. சீட்டு, டீப்பெட்டிப் பலகை. உட்கார்ந்து எழுந்தால் எஸ்டேட் மார்க்கின் கறுப்பு எழுத்து சின்னதுரையின் வெள்ளைக் கால்சட்டையில் ஒட்டியிருக்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் சிரிப்பார்கள். “சின்னதொரையும் ஏலத்துக்குப் போகப்போறாரு டோய்” என்பார்கள்.

முதல் வருசம் மெட்ராஸுக்கு வெளியே ரேஸ் நடக்கிற பழைய ஏரோப்ளேன் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் போகவில்லை. வந்து சொன்னதுதான். எங்கள் ஊரில் நேராக நூறு கெஜம் ரோடு கிடையாது. மேட்டிலும் வளைவிலும் ஓட்டிப் பார்த்து, மேடு ஏறுவதற்குத் தோதாகப் பல்சக்கரம் போட்டிருந்தான் அண்ணன். அங்கே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மட்டம். வளைவை விட்டு முதல் ஆளாக வெளியே வருமாம் எங்கள் வண்டி. அதற்குப் பிறகு இஞ்சின் கத்துமே தவிர வேகம் ஏறாது. எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். ஆறாவது சுற்றில் கியர் பெட்டி உடைந்து நின்றுவிட்டது.

இரண்டாம் வருசம் பல்சக்கரத்தை மாற்றினார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியதாம். நாலாவது சுற்றில் புகை. பிஸ்டன் தலையில் விரல் நுழைகிற ஓட்டை. அந்த பிஸ்டனை அண்ணன் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்து மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அதில் உப்பு வைக்கப் போனாள், திட்டினான்.

காரணத்தை அவனுக்குக் காட்டியது சமவெளியிலிருந்து விறகு ஏற்றி வரும் லாரிகள். மேட்டுப்பாளையத்தில் புகையில்லாமல் கிளம்புகிற லாரி எங்கள் ஊருக்கு வரும்போது கரும்புகை விடும். மேலே காற்று மெலிசு. அதே பெட்ரோல், அதே டீசல் இங்கே கூடுதலாகிவிடுகிறது. எங்கள் வண்டிக்கு அண்ணன் இந்த மெலிசுக் காற்றுக்கு ஏற்ற மாதிரிப் பெட்ரோலைக் குறைத்து வைத்திருந்தான். கார்புரேட்டருக்குள் பித்தளையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். நடுவில் ஊசி ஓட்டை. ஜெட் என்பார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் போகும். எங்கள் ஊர்க் காற்றுக்கு நூற்றுப் பதினைந்தாம் நம்பர் ஜெட் சரி. மெட்ராஸ் காற்று கனம். அங்கே அதே ஜெட் போட்டால் பெட்ரோல் பற்றாது, இஞ்சின் காய்ந்துபோய் பிஸ்டனைத் தின்றுவிடும். முதல் வருசம் வண்டி வேகம் பிடிக்காததால் பிஸ்டன் தப்பியிருக்கிறது. அங்கே நூற்று இருபத்தைந்து போட வேண்டும். இது தெரிந்த அன்றைக்கு அண்ணன் அந்த பிஸ்டனை எடுத்துக் குப்பையில் போட்டான்.

அதனால் மூன்றாம் வருசம் எல்லாம் சரியாக இருந்தது. அந்த வண்டி அகில இந்தியப் போட்டியில் ஒரு தடவையாவது ஓடி முடிக்க வேண்டும், பட்டியலில் ஏற வேண்டும். அண்ணன் வேறு எதுவும் கேட்கவில்லை. சின்னதுரைக்கும் அதுதான் கடைசி வருசம். மில்லைப் பார்க்க வரச்சொல்லி அவர் அப்பா கடிதம் எழுதிவிட்டார்.

அந்த வருசம்தான் புதுச் சட்டம் வந்தது. பணம் இருந்தவர்கள் பெரிய பட்டறைகளிலிருந்து சம்பளத்துக்கு மெக்கானிக்குகளைக் கூட்டிவந்து வண்டி செய்கிறார்கள் என்று மற்றவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். அதனால், கையில் ஸ்பானர் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் யாரும் இந்தப் பிரிவு வண்டியைத் தொடக்கூடாது, ஓட்டுகிறவரும் அவருடைய சிநேகிதர்களும்தான் செய்ய வேண்டும், வண்டியைப் பற்றிக் கேட்டால் ஓட்டுகிறவரே பதில் சொல்ல வேண்டும் என்று காகிதம் வந்தது. அண்ணன் ஃபேக்டரி பிட்டர். சம்பளத்துக்கு ஸ்பானர் பிடிக்கிறவன்.

சிநேகிதன் என்று எழுதலாம் என்றார் சின்னதுரை. எஸ்டேட் ஆளைக் கூட்டிப்போவதால் அந்தப் படிவத்தில் பெரியதுரை கையெழுத்து வேண்டும். தொழிலாளி எப்படிச் சிநேகிதன் ஆவான் என்று கேட்டுவிட்டாராம். சமையல் ஆள் இரண்டு பேர் கூட்டிப்போகலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. அதில் எங்கள் இரண்டு பேரையும் எழுதினார்கள். அதற்கு மட்டும் பெரியதுரை யோசிக்கவில்லை.

வயசுப் பொண்ணை மெட்ராஸுக்கு அனுப்புவதா என்று லயத்தில் பேசினார்கள். “பேசுறவுக வந்து ரொட்டி சுட்டுக் குடுங்க, நான் எம்மவள வூட்டுல வச்சுக்கிறேன்” என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். அதோடு விட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் இரண்டு வாரம், வாட்டுமாடியில் வாடப் போட்ட இலைக்கு நடுவே உட்கார்ந்து சின்னதுரைக்குப் பாடம் நடந்தது. பரிசோதனையில் கேட்பார்கள் என்று அண்ணன் கேட்பான், அவர் சொல்ல வேண்டும்.

“டேப்பட் கேப்பு எவ்வளவுங்க?”

“பன்னெண்டுங்க.”

“சூட்டுலயா, ஆறியா?”

“ஏனுங்க பிட்டரே, அதுக்கொண்ணு இதுக்கொண்ணா? என்ற காலேஜுல கூட இத்தனை கேக்கலீங்க.”

“அங்க பிஸ்டன் போகாதுங்க தொர. மார்க்குத்தானே போகும்.”

சின்னதுரை நன்றாகவே கற்றுக்கொண்டார். சொல்ல மட்டுமில்லை, செய்யவும் வந்துவிட்டது. பிளக் கழற்றுவார், ஜெட் மாற்றுவார். அண்ணனுக்கும் சந்தோசம். அதுவே எங்களுக்கு வினையாகும் என்று அப்போது தெரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின மத்தியானம் அண்ணன் டிரையரில் வேலையாக இருந்தான். வண்டிக்கு மெட்ராஸ் ஜெட் போட்டு, பெட்ரோலை வடித்து, தார்ப்பாய் கட்டி வைத்திருந்தான். பெரியதுரை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். சின்னதுரை தானே தார்ப்பாயை அவிழ்த்து, தானே ஜெட்டைக் கழற்றி, மலை ஜெட்டைப் போட்டு, ஃபேக்டரி ரோட்டில் இரண்டு தரம் ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பவும் கட்டி வைத்துவிட்டார். அண்ணனிடம் சொல்லவில்லை. ஜெட்டைத் திரும்ப மாற்றவுமில்லை. மறந்துவிட்டார்.

டீப்பெட்டி ஏற்றும் லாரியில் வண்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். பர்லியார் தாண்டினதும் நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். மெட்ராஸ் போய்ச் சேரும்வரை அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன்.

மைதானம் என்றால் புல்லு கூட இல்லை. சிமெண்டும் வெயிலும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஓலைப் பந்தல். சமையல் ஆட்களுக்குக் கயிறு கட்டி வெளியே இடம். வண்டிக்கும் எங்களுக்கும் இருபது அடி இருக்கும். அண்ணன் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றான். டீத்தூளும் மணலும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான், ஆனாலும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

பக்கத்தில் கோயமுத்தூர்க்காரர் ஒருவருடைய பந்தல். அவர்கள் கொண்டுவந்தது நிஜச் சமையல்காரர். கல்யாண வீட்டுக்கெல்லாம் சமைக்கிற ஆள். அண்ணன் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்.

“ஏனுங்க, நீங்க வெங்காயத்த உரிக்கிறீங்களா, நட்டு கழட்டுறீங்களா?”

“எங்க ஊருல இப்பிடித்தாங்க.”

“எந்த ஊருங்க?”

“சிலோனுங்க.”

“அதானே பாத்தேன். கடல் தாண்டி வந்த வெங்காயம், வலம் சுத்தித்தான் கழலும்.”

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் முறைத்தான்.

பரிசோதனை அதிகாரி வெயில் தொப்பி போட்ட வயசானவர். கூடவே பதிவேட்டோடு ஒருவர், பின்னாலேயே மற்ற பந்தல் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கைக்கு. பரிசோதனை முடிந்ததும் கார்புரேட்டருக்குக் கம்பி கட்டி ஈயத்தில் சீல் வைப்பார்கள். ரேஸ் முடியும்வரை அதைத் தொடக்கூடாது.

சின்னதுரை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். டேப்பட், பிரேக், குழாய் எத்தனை கனம் எல்லாம் சரியாகச் சொன்னார். அண்ணன் ரொட்டி மாவில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“மெயின் ஜெட் என்ன நம்பர்?”

“நூத்திப் பதினஞ்சுங்க. நானே போட்டேனுங்க.”

அண்ணனுடைய கை மாவில் நின்றுவிட்டது. எனக்கும் புரிந்தது. இரண்டு வாரம் வாட்டுமாடியில் கேட்டதில் எனக்கே மனப்பாடம்.

“போய்ச் சொல்லு புள்ள” என்றான் அண்ணன். “சீலு வைக்கிறதுக்குள்ள சொல்லு. மாத்தாம விட்டுட்டாரு.”

நான் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கயிற்றைத் தாண்டிப் போனேன். சமையல் ஆள் தேத்தண்ணி கொண்டுபோவதை யாரும் தடுக்க மாட்டார்கள். சின்னதுரையிடம் கோப்பையை நீட்டி, “தொர, ஜெட்டு” என்றேன், மெதுவாகத்தான். அவருக்கு விளங்கவில்லை. “என்னங்க?” என்று சத்தமாகக் கேட்டார்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். என்னை, பிறகு கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாவுக் கையோடு நிற்கிற அண்ணனை. நேராக அவனிடம் நடந்துபோனார்.

“நீதான் சமையலா?”

“ஆமாங்க.”

“என்ன பண்றே?”

“ரொட்டிங்க.”

“அர கிலோ மாவுக்கு எவ்ளோ தண்ணி விடுவே?”

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். “ஒரு லிட்டருங்க.”

பக்கத்துப் பந்தல் சமையல்காரர் வெடித்துச் சிரித்தார். “ஏனுங்க, அது ரொட்டியில்லீங்க, போஸ்டர் ஒட்டுற பசைங்க!”

நான் ஓடிவந்து, “அண்ணனுக்குக் காலைல இருந்து தலவலிங்க ஐயா, எப்பவும் ரொட்டி நல்லாச் சுடும்” என்றேன். அதிகாரி அண்ணனுடைய நகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவரும் சிரித்தார். “சரிப்பா, நல்லாக் காய்ச்சு பசையை” என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பினார். எனக்கு உயிர் வந்தது. விட்டுவிட்டார். தெரிந்தே விட்டுவிட்டார்.

அவர் பதிவேட்டுக்காரரிடமிருந்து கம்பியும் ஈயமும் வாங்கினார். கார்புரேட்டர் பக்கம் குனிந்தார்.

“ஐயா, சீல் வைக்காதீங்க” என்றான் அண்ணன்.

கத்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“என்னப்பா?”

“அது மலையில போடுற ஜெட்டுங்க. இந்தக் காத்துக்குப் பத்தாது. நாலு ரவுண்டுக்குள்ள பிஸ்டன் ஓட்டையாயிரும். நூத்தி இருவத்தஞ்சு போடணும். பச்சை டப்பாவுல இருக்கு.”

அப்போதுதான் சின்னதுரைக்கு ஞாபகம் வந்தது. “ஐயையோ” என்று தலையில் கை வைத்தார்.

கூட நின்றவர்களில் ஒருவர், “சமையல்காரனுக்கு ஜெட் நம்பர் எப்படிங்க தெரியும்?” என்றார். இன்னொருவர், “போன வருசம் இவன்தானே இஞ்சினைப் பிரிச்சான், நான் பாத்தேன்” என்றார்.

அதிகாரி கம்பியைக் கீழே வைத்தார். அண்ணனைப் பார்த்து, “என் ஒருத்தன் காதுல விழுந்தா பரவாயில்லை. இத்தனை பேர் காதுல விழுந்துடுச்சேப்பா” என்றார்.

அரைமணி நேரம் பேசினார்கள். வண்டி ஓடலாம், ஆனால் இடம் கிடையாது, புள்ளி கிடையாது, முடிவுப் பட்டியலில் வராது என்று முடிவானது. சின்னதுரை கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் அதிகாரி, “பட்டியல்லதான் இல்லையே, இனி எதுக்குக் கயிறு? அவனையும் உள்ள விடுங்க” என்றார். அண்ணன் கையிலிருந்த மாவை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், நூற்று இருபத்தைந்தை எடுத்துத் தானே போட்டான். எல்லாரும் பார்க்க அந்த வருசம் வண்டியில் கை வைத்தது அப்போதுதான்.

மறுநாள் காலை ரேஸ். நான் ஒரு காலி டிரம்மின் மேல் ஏறி நின்று பார்த்தேன். அண்ணன் வண்டி வருகிற பக்கமே பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு காதால் கேட்டுக்கொண்டிருந்தான். நாலாவது சுற்று முடிந்தபோது என்னைப் பார்த்து நாலு விரலைக் காட்டினான். பிறகு அஞ்சு. பிறகு ஆறு. பத்து சுற்று. பக்கத்துப் பந்தல் சமையல்காரர்கூடக் கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றார். “பசை நல்லா ஒட்டிருச்சுங்க” என்றார். மூன்றாவதாக வந்தது வண்டி. கட்டம் போட்ட கொடியை எங்கள் வண்டிக்கும் ஆட்டினார்கள். மைக்கில் முதல், இரண்டாவது சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னால் வந்தவரை மூன்றாவது என்றார்கள்.

சின்னதுரை இறங்கி வந்து அண்ணனைக் கட்டிப்பிடித்தார். “முடிச்சுட்டோமுங்க” என்றார். அதற்குப் பிறகு சேலம் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. சேலத்தில் டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் எதுக்குங்க அதைத் தொட்டேன்?” என்றார். அண்ணன், “தெரிஞ்சவுக தொடத்தான் செய்வாங்க தொர” என்றான்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. லாரியில் பின்னால் வண்டியோடு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

“வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல? அந்த ஐயாவே விட்டுட்டாரு” என்றேன்.

“இஞ்சின் போயிருக்கும்.”

“போனாப் போகுது. ரெண்டாம் வருசம் போகலயா? அப்பவும் பேராவது எழுதினாங்க. இப்ப அதுவும் இல்ல.”

“அன்னைக்குத் தெரியாது புள்ள. தெரிஞ்சுக்கிட்டே எப்பிடி நின்னு பாக்குறது?”

“உனக்கு வண்டிதான் பெருசு. நாங்க யாரு? வெயில்ல நின்னு வெந்தது நான். லயத்துல பேச்சு வாங்குனது அம்மா. சமையக்காரன்னு ஒரு நாள் இருக்க முடியல உனக்கு.”

அவன் வண்டியைக் கட்டிய கயிற்றை இழுத்து முடுக்கினான். மூன்று நாள் நான் அவனோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வேன். நாலாம் நாள் தானாகப் பேச்சு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை போட்டோம், எதுவும் ஞாபகமில்லை. இது மட்டும் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தபோது இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். செத்துப்போகிறவனிடம் கேட்கிற மாதிரி ஆகிவிடுமே என்று கேட்கவில்லை. அவன் தேத்தண்ணி கேட்டான். கொடுக்கக்கூடாது என்றார்கள், கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

சின்னதுரை அந்த வருசமே மில்லைப் பார்க்கப் போய்விட்டார். வண்டியைக் கோயமுத்தூரில் ஒருவர் வாங்கி இரண்டு வருசம் ஓட்டினார். அதற்குள் சட்டத்தை மாற்றி, சம்பள மெக்கானிக் வரலாம் என்றார்கள். பிறகு வெளிநாட்டு டயர் வந்தது, இஞ்சினைச் செதுக்கிப் பெருக்கலாம் என்றார்கள், செலவு ஏறியது, கையால் செய்கிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் அந்தப் பிரிவையே வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். இதெல்லாம் சின்னதுரை வருசத்துக்கு ஒரு கடிதம் போட்டதில் தெரிந்தது. அண்ணன் படித்துவிட்டு, “டயரு நல்ல டயருதான்” என்று மட்டும் சொல்வான்.

போன மாதம் ஒருவர் எங்கள் லயத்தைத் தேடி வந்தார். ஒற்றை சீட்டு பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். சின்னதுரைதான் அனுப்பியிருக்கிறார். அண்ணனைப் பார்க்க வந்தவருக்கு அவன் இறந்தது தெரியாது. அம்மா அழ ஆரம்பித்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது, போய்விடப் பார்த்தார். நான்தான் உட்காரச் சொன்னேன்.

அவரிடம் வருசவாரியாகப் பட்டியல் இருந்தது. எங்கள் வண்டி எண்ணுக்கு நேரே முதல் வருசம் கியர் பெட்டி, இரண்டாம் வருசம் பிஸ்டன் என்று இருந்தது. மூன்றாம் வருசம் ஒரு கோடு மட்டும்.

“அந்த வருசம் நீங்க வரலைங்களா?” என்று கேட்டார்.

“வந்தோம். ஓடுச்சு. மூணாவதா முடிச்சுச்சு.”

“அதுல மூணாவது வேற பேருங்களே.”

“அவரு எங்களுக்குப் பின்னாடி வந்தாரு. நான் டிரம்மு மேல நின்னு பாத்தேன்.”

அவர் பேனாவை மூடினார். பார்த்தவர்கள் சொல்வதை வைத்துப் பட்டியலைத் திருத்த முடியாது, ஒரு ஆளுக்குத் திருத்தினால் எல்லாரும் வருவார்கள் என்று நயமாகச் சொன்னார். வேண்டுமானால் கீழே சின்ன எழுத்தில், இந்த வண்டி ஓடி முடித்தது, இடம் தரப்படவில்லை என்று போடுகிறேன் என்றார். எழுதியும் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“ஏன் குடுக்கலன்னு எழுதலியே?”

“சட்டத்துக்கு ஒத்து வரலைன்னு போடலாமுங்க.”

“அது வேண்டாங்க. திருட்டுத்தனம் பண்ணுன மாதிரி இருக்கு.” எனக்குக் குரல் ஏறிவிட்டது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “திருட்டுத்தனம் பண்ணித்தான் போனோம். இல்லேங்கல. ஆனா அவங்க விட்டுட்டாங்க. எங்க அண்ணன் வாயத் தொறக்காம இருந்திருந்தா யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. தப்பான ஜெட்டு இருக்கு, சீல் வைக்காதீங்கன்னு அண்ணனே போயிச் சொல்லுச்சு. அதனாலதான் எடம் போச்சு. அத எழுதுங்க.”

“அவ்வளவும் அடிக்குறிப்புல எழுத முடியாதுங்க அம்மணி.”

“அப்ப நீங்களே சுருக்கிக்கங்க. ஆனா அது இருக்கணும்.”

அவர் பேனாவை எடுத்தார். பிறகு நோட்டைத் திருப்பி, அடித்து, திரும்ப எழுதினார். மூன்று தரம் அடித்தார். கடைசியில் வாசித்துக் காட்டினார். வண்டி ஓடி முடித்தது. சீல் வைக்கும் முன் ஜெட் தவறு என்று வண்டியைச் செய்த பிட்டர் தானே முன்வந்து சொன்னதால் இடம் இழந்தது. அவ்வளவுதான் இருந்தது. மூணாவது என்று இல்லை. நான் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், அவர் ஆற்றிக் குடிக்கும்வரை நான் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.